மேக்கால தோட்டமும் மேலே இருக்கும் வடக்கும்

வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

எங்கள் கோவைப் பக்கத்துத் தோட்டங்களில் வழி கேட்டால் இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள். "மேக்கால போயி, கிணத்துக்கு வடக்கால திரும்புங்க" என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவனிடம் வகுப்பில் "வடக்கு எங்கே?" என்று கேட்டேன். சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மேல இருக்குதுங்க சார்" என்று கூரையைக் காட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, படத்தைச் சுவரில் மாட்டியது நான்தானே! மறுநாள் அதைக் கழற்றித் தரையில் விரித்து, படத்தின் வடக்கை நிஜமான வடக்குக்கு நேராகத் திருப்பி வைத்தேன். சுற்றி உட்கார்ந்தார்கள். "அப்ப பாலக்காடு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமுங்க" என்றது ஒரு குரல்.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் புவியியல் தனிப் பாடம் அல்ல. சமூக அறிவியல் என்ற ஒரே வீட்டில் வரலாறு, குடிமையியல், பொருளியலோடு கூட்டுக் குடித்தனம். நடத்துகிறவர் வரலாறு படித்தவராக இருந்தால், நானும் அந்த ரகம்தான், முதல் உலகப் போரை ஒரு வாரம் ஆற அமரச் சொல்வார். வரைபடத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு வந்தால், "படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். தேர்வுக்கு மேப் கேள்வி உண்டு என்பதால், அடிக்கடி கேட்கும் இடங்களுக்குப் புள்ளி வைத்துப் பழகுவதோடு சரி.

பாடம் என்னவோ வாசலிலேயே கிடக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். ஆடிக்காற்று அதன் வழியாகத்தான் நம் மேல் பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். ஆனால் பாலக்காட்டில் ஆண்டுக்கு 2000 மி.மீ. அளவில் பெய்யும் மழை, சுமார் 50 கி.மீ. கிழக்கே கோவை நகரில் சராசரி 700-ஐக்கூட எட்டாது. மழை மறைவுப் பகுதி என்று எழுதிப் போட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மலைதான் மழைய மறைக்குதுன்னா, கணவாயில மலையே இல்லீங்களே சார்?" என்றான். இருபது வருஷ சர்வீஸில் அந்த யோசனை எனக்கு வந்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டுத்தான் சொன்னேன்: ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்தால்தான் நன்றாகப் பெய்யும். கணவாயில் ஏற மலை இல்லை, தரையோடு ஓடிவிடுகிறது. இரு பக்கமும் மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி.

சம உயரக் கோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் களிமண்ணும் போதும். ஒரு பக்கம் செங்குத்தாக, மறுபக்கம் சரிவாக மலை பிடித்துத் தொட்டியில் வைத்தோம். விரற்கடை விரற்கடையாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் தண்ணீர் தொட்ட விளிம்பில் குச்சியால் கோடு கீறினார்கள். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னேன். செங்குத்துப் பக்கம் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு, சரிவுப் பக்கம் விலகி விலகி. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெண் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், குன்னூர் ரோடு வளைஞ்சு வளைஞ்சு போறது, இந்தக் கோட்டை நேரா வெட்டாம இருக்கத்தானுங்களா?"

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.