மேக் வாங்க நகையை அடகு வைக்க வேண்டாம் மக்களே!

வணக்கம் மக்களே. பின்னால் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் காலையிலிருந்து மழை, எங்களுடையது ஓட்டு வீடு.

"வெப் டெவலப்மென்ட் படிக்கிறேன், விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். அதில் ஒரு தங்கச்சி, மேக் வாங்கித் தர அப்பா வீட்டு நகையை அடகு வைக்கப் போகிறார் என்று எழுதியிருந்தாள். வேண்டாம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் முதன்முதலில் காசு வாங்கிச் செய்த வெப்சைட், மார்த்தாண்டத்தில் ஒரு தேன் வியாபாரிக்கு. விண்டோஸில்தான் செய்தேன். என் லேப்டாப்பில் எல்லாப் படமும் அழகாக வந்தது. சர்வரில் ஏற்றினால் பாதிப் படத்தைக் காணோம். இரண்டு ராத்திரி தூங்காமல் தேடினேன். கேமரா கொடுத்த ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பது கேபிடல் எழுத்தில் இருந்தது. நான் கோடில் ஸ்மால் எழுத்தில் அடித்திருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கும் வாங்கியபடியே வைத்திருந்தால் அப்படித்தான். லினக்ஸுக்கோ அவை வேறு வேறு பெயர். அந்த சர்வரில் ஓடியது லினக்ஸ்.

நாம் எழுதும் கோடு கடைசியில் குடியிருக்கப் போவது பெரும்பாலும் லினக்ஸில்தான். அதனால் ஆரம்பத்திலிருந்தே லினக்ஸில் எழுதிப் பழகுங்கள் என்பேன். அதற்குப் புது லேப்டாப் தேவையில்லை.

விண்டோஸ் 11, 8 ஜிபி ராம் இருக்கிறதா? டபிள்யூஎஸ்எல் (WSL) போடுங்கள், லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு விண்டோஸுக்குள்ளேயே ஓடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ப்ராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காமல் உபுண்டுவுக்குள்ளேயே வையுங்கள். சி டிரைவில் வைத்தால், ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய ரெடிமேட் கோடுகளை இறக்கும் என்பிஎம் (npm) இன்ஸ்டால் ஆமை வேகத்தில் போகும்.

பழைய லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாது என்றால்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. உபுண்டு 24.04-ஐ நேரடியாகப் போட்டுவிடலாம், 2029 வரை இலவச அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம்தான் என்றால் அதன் இலகுவான தம்பி சுபுண்டு (Xubuntu) போடுங்கள். எதுவானாலும் முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபையும் சவுண்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். போட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பவர்கள் மட்டும் விண்டோஸிலேயே இருங்கள், அது லினக்ஸுக்கு வருவதில்லை.

மேக் நல்ல மெஷின்தான். ஐபோன் ஆப் செய்ய எக்ஸ்கோடு என்ற சாஃப்ட்வேர் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான் ஓடும். வெப்சைட் மட்டும் செய்பவர்கள், ஐபோனில் இருக்கும் பிரவுசரான சஃபாரியில் அது சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, கூட்டுக்காரரின் ஐபோனைப் பத்து நிமிடம் வாங்கினால் போதும்.

தங்கச்சி, உன் லேப்டாப்பில் ராம் எவ்வளவு என்று மட்டும் எழுது. அதே அளவு ராம் உள்ள பழைய மெஷினில் உபுண்டு போடுவதை ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் காட்டுகிறேன்.