தலைக்கவசம் தடுக்காத அடி

[திரையில்: ரக்பி ஆட்டம், மெதுவாக ஓடும் காட்சி]

ஒருவரின் தோள் இன்னொருவரின் தாடையில் மோதுகிறது; தலை கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் சுழன்று திரும்புகிறது. விழுந்தவர் எழுந்து, கையசைத்துவிட்டு, தம் இடத்தில் போய் நிற்கிறார். நினைவு தப்பவில்லை, ரத்தமும் இல்லை. ஆயினும் அவருக்கு மூளை அதிர்ச்சி, கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழகிய சொல்லில் 'கன்கஷன்', ஏற்பட்டிருக்கக்கூடும். இப்பாதிப்புக்கு ஆளாவோரில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

[திரையில்: மண்டையோட்டின் குறுக்குவெட்டு]

தலை சட்டெனச் சுழலும்போது எலும்பு முதலில் திரும்பிவிட, திரவத்தில் மிதக்கும் மென்மையான மூளை சற்றே பின்தங்கித் திரும்புகிறது. அதற்குள் நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே நிகழும் இந்த இழுபறியை அதனால் நிறுத்த முடியாது.

குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்தார். அமெரிக்கக் கால்பந்து அதைத் தன் சிக்கலாகப் பார்க்க மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று: 2002இல் இறந்த அந்த ஆட்டத்தின் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலு, அதில் டௌ என்னும் புரதம் அசாதாரணமாகப் படிந்திருப்பதைக் கண்டார். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளால் மூளை சிதையும் இந்நோய்க்கு சி.டி.இ. என்று பெயர்; இதை இறப்புக்குப் பின்னர்தான் உறுதிசெய்ய முடிகிறது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்த 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளில் 110இல் அது இருந்தது. நோய் இருக்குமோ என்று ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமளித்தன என்பதால், எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதத்தைப் பொருத்துவது தவறு.

நம் கண்ணில் படும் பெரிய மோதல்களைவிட, யாரும் கணக்கில் வைக்காத சிறிய அடிகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. கன்கஷன் எத்தனை முறை கண்டறியப்பட்டது என்பதைக் காட்டிலும், ஆண்டுக்கணக்கில் தலை தாங்கிய அடிகளின் மொத்தச் சுமையே சி.டி.இ.யோடு நெருங்கிய தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பந்தைத் தலையால் முட்டியே பேர் வாங்கிய இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்ட்ல் 2002இல் இறந்தபோது, அதைத் தொழில்சார் நோயால் நேர்ந்த மரணம் என்றே விசாரணை அதிகாரி பதிவுசெய்தார்.

[திரையில்: கிக்-ஆஃப் கோட்டின் வரைபடம்]

ஆகவே மாற வேண்டியது விதி. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தைத் தொடங்க எதிரணியை நோக்கிப் பந்தை உதைப்பதுதான் கிக்-ஆஃப்; அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் ஐவி லீக் 2016இல் அந்தக் கோட்டை ஐந்து கஜம் முன்னே நகர்த்தியது. பந்து மைதானத்தின் கோடியில் போய் விழுந்ததால், இரு அணியினரும் முழுவேகத்தில் எதிரெதிரே ஓடிவந்து மோதுவது குறைந்தது. ஆயிரம் கிக்-ஆஃபுகளுக்கு ஏறத்தாழ 11ஆக இருந்த கன்கஷன்கள் 2ஆக இறங்கின. ஆட்டத்தின் சுவை குன்றியதா என்று கேட்டால், ஐந்து கஜத்தில் குன்றும் சுவை எது என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

பயிற்சியில் வாங்கும் அடிகளைக் குறைப்பது இன்னும் எளிது. முழுவேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக ரக்பி அமைப்பு பரிந்துரைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்து, பலமான தலைமுட்டல்களுக்கு வாரத்துக்குப் பத்து என்று வரம்பிட்டது. இந்தப் பத்து பயிற்சிக்கு மட்டுமே. ஆட்டம் தொடங்கிவிட்டால் யாரும் எண்ணுவதில்லை.