ஒரு துளி இரத்தம், எந்த விலங்கினுடையது?

(திரையில்: இரத்தப் பரிசோதனை அறிக்கை. விலங்கின் பெயரை எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.)

இந்த அறிக்கையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான கிரியேட்டினினும் யூரியாவும் இயல்பான அளவில் இருக்கின்றன. இது நாயின் இரத்தம் என்றால், சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர் ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். ஓரளவுதான், ஏனெனில் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே கிரியேட்டினின் தெளிவாக உயரும். இதே எண்கள் ஒரு கழுகின் இரத்தத்திலிருந்து கிடைத்தவை என்றால், அந்தப் பறவை நாளையே இறந்துபோகலாம்; அதற்கான அறிகுறி எதுவும் இந்தத் தாளில் இருக்காது.

நோயையும் நஞ்சையும் காட்டிக்கொடுக்கும் உயிர்வேதிக் குறிகாட்டிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் உருவாகின்றன. உயிரணு சிதையும்போது அதற்குள் இருக்க வேண்டிய நொதி இரத்தத்தில் கசிகிறது. உறுப்பு தன் வேலையைச் செய்யத் தவறும்போது, வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்தில் தேங்குகிறது. எந்த நொதி எந்த உறுப்பில் இருக்கிறது, எந்தக் கழிவு எந்த வடிவில் வெளியேறுகிறது என்பதோ விலங்குக்கு விலங்கு மாறும். நாயிலும் பூனையிலும் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதி, மாட்டின் கல்லீரலிலும் குதிரையின் கல்லீரலிலும் மிகக் குறைவு. ஆகவே அவற்றில் ஜி.ஜி.டி., ஜி.எல்.டி.எச். ஆகிய வேறு நொதிகளைப் பார்க்கிறார்கள். கல்லீரல் நோயில் உயரும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி நாயின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்று நாளில் பாதியாகக் குறையும். பூனைக்கு அதற்கு ஆறு மணி நேரமே போதும். எனவே பூனையில் அந்த எண் சற்றே கூடியிருந்தாலும் அதை அலட்சியம் செய்யலாகாது.

(திரையில்: பறவை எச்சம். அதன் வெள்ளைப் பகுதி அண்மைக்காட்சியில்.)

பாலூட்டிகள் புரதத்தின் நைட்ரஜன் கழிவை யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. பறவைகள் அதை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தில் நாம் பார்க்கும் வெள்ளைப் பசை அதுதான். கல்லீரலில் உருவாகும் இந்த அமிலத்தின் பெரும்பகுதியைச் சிறுநீரக நுண்குழாய்களின் உயிரணுக்களே இரத்தத்திலிருந்து எடுத்து வெளியே தள்ளுகின்றன. அந்த உயிரணுக்கள் மடிந்தால், நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலம் இரத்தத்தில் ஏறி, இதயத்தின் மீதும் கல்லீரலின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்படிகமாகப் படியும். இதற்கு உள்ளுறுப்புக் கீல்வாதம் என்று பெயர்.

(திரையில்: தெற்காசிய வரைபடம்.)

1990களில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும், பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுகள் கூட்டம் கூட்டமாக மறைந்தன. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே மிஞ்சியது. தொற்றுநோய்தான் காரணம் என்ற ஐயமே முதலில் வலுவாக இருந்தது. பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்த, கால்நடை மருத்துவ ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸின் குழு 2004இல் வெளியிட்ட முடிவு வேறு திசையைக் காட்டியது. கீல்வாதத்துடன் இறந்த பறவைகளில் சோதித்த 25இன் சிறுநீரகத்திலும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி இருந்தது. கீல்வாதம் இல்லாமல் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. நஞ்சியலில் இவ்வளவு தெளிவான பிரிவு கிடைப்பது அரிது.

மாட்டுக்குக் காய்ச்சலும் வலியும் தணியப் போட்ட ஊசி அது. மருந்து ஏற்றிய மாடு சில நாள்களுக்குள் இறந்துவிட்டால், அதன் உடலில் தங்கிய மருந்து பாறுகளின் இரைப்பைக்குப் போகும். பறவையின் ஒரு கிலோ எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் மருந்தே பாதிப் பறவைகளைக் கொல்லப் போதுமானது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான மாட்டுச் சடலங்களில் இந்த மருந்து இருந்தாலே இந்தச் சரிவு நிகழ்ந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டும் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கிற்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

டைக்ளோஃபெனாக் உடலுக்குள் சென்ற ஒரு நாளுக்குள் பாறின் யூரிக் அமிலம் பல மடங்கு உயர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மரணம். ஆனால் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இறைச்சி உண்ணும் பறவைகளில், வயிறு நிறையத் தின்ற சில மணி நேரத்துக்கு யூரிக் அமிலம் தானாகவே ஏறி இறங்கும். பட்டினி போட்டு எடுத்த இரத்தம்தான் பேசும். இரை தின்றவுடன் எடுத்த இரத்தம் நலமான பறவையையும் நோயாளியாக்கிவிடும். கூண்டுப் பறவைகளில் இந்த எளிய விதியை மறந்துவிட்டு மருந்து தொடங்குவது உண்டு.

அதே எண்தான் மாற்று மருந்தையும் காட்டிக்கொடுத்தது. மெலாக்சிகாம் என்ற வேறொரு வலிநிவாரணியைக் கொடுத்த பாறுகளில் யூரிக் அமிலம் ஏறவில்லை, அவை சாகவும் இல்லை. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் அந்த ஊசிமருந்தை 3 மில்லிலிட்டர் ஒற்றை வேளைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று விதித்தார்கள்.

(திரையில்: இரண்டு மூலக்கூறுகள் அருகருகே.)

இதன் பின்னும் ஒரு வழி திறந்தே இருந்தது. அசிக்ளோஃபெனாக் என்ற பெயரில் விற்ற மருந்தின் குப்பியில் டைக்ளோஃபெனாக் இல்லை. ஆனால் அதை ஊசியாகப் போட்ட மாட்டின் இரத்தத்தைச் சோதித்தபோது, மாட்டின் உடலே அதை டைக்ளோஃபெனாக்காக மாற்றியிருந்தது தெரிந்தது. கால்நடைகளில் அசிக்ளோஃபெனாக்கையும், பாறுகளைக் கொல்லும் என்று சோதனையில் தெரிந்த கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணியையும் இந்தியா 2023இல் தடைசெய்தது.