வெட்டாத வாள்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு வாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். போரில் அதற்கு வேலை இல்லை. கானா நாட்டின் அசாந்தி மக்கள் அதை அஃபேனா என்பார்கள். இரும்பு அலகு, நுனியை நோக்கி அகன்றுகொண்டே போகும். கண்ணைப் பறிப்பது பிடிதான். மேலும் கீழும் இரண்டு மர உருண்டைகள், அவற்றின் மீது பொன் தகடு. அரசவையில் வாளேந்தி அலகைக் கையில் பிடித்து, பிடியை எல்லோரும் பார்க்கும்படி நீட்டி நிற்பார்.

இவற்றில் புகழ்பெற்றது ம்பொன்பொன்சுவோ. பொறுப்பு என்று பொருள். அதைக் கையில் ஏந்தித்தான் குறுநிலத் தலைவர்கள் அசாந்தி மன்னருக்கு உறுதிமொழி கூறுகிறார்கள். அதில் கட்டியுள்ள பொன் வார்ப்பைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள்: ஒரு விரியன், அதன் வாயில் ஓர் இருவாட்சிப் பறவை. தரையில் கிடக்கும் பாம்புக்கும் வானத்துப் பறவை ஒருநாள் வாய்க்கும் என்ற பழமொழியைத் தட்டான் பொன்னில் வார்த்திருக்கிறான். எத்தனை அழகான கற்பனை!

அந்தப் பொன்னைத் தோண்டியவர் யார்? இந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் அந்த வாளைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

போர்த்துகீசியர் 1482இல் இன்றைய கானாவின் கடற்கரையில் எல்மினா கோட்டையைக் கட்டியது தங்கத்துக்காக. அசாந்திகளையும் உள்ளடக்கிய அகான் இனத்தின் வணிகர்கள் தங்கத்துக்கு ஈடாகக் கேட்டவற்றுள் மனிதர்களும் உண்டு: காடழிக்க, சுரங்கம் வெட்ட, சுமை தூக்க. பெனின் பக்கம் வாங்கிய அடிமைகளைப் போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து எல்மினாவில் விற்றார்கள். 1500க்கும் 1535க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர். பிற்காலத்தில் லட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றிய அந்தக் கரையில், அன்று அடிமைகள் வந்து இறங்கினார்கள்.

1701இல் ஃபெயியாசே போரில் அசாந்தி மன்னர் ஒசேய் டூட்டு, அண்டை அரசான டென்கிராவை வென்றார். அசாந்தி பேரரசாக வளர்ந்தது. போர்க் கைதிகள் கடற்கரைக்குப் போனார்கள், துப்பாக்கியும் வெடிமருந்தும் அசாந்தித் தலைநகர் குமாசிக்கு வந்தன. வடக்கே தகோம்பா நாடு கப்பமாக ஆட்களையே அனுப்பியது. அப்படி வடக்கிலிருந்து வந்த அடிமைக்கு ஒடோன்கோ என்று பெயர். பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. 1820இல் குமாசிக்கு வந்த பிரிட்டிஷ் தூதரிடம் மன்னர் ஒசேய் போன்சு நேருக்கு நேர் கேட்டார்: இன்று தீயது என்கிறீர்களே, நேற்று மட்டும் எப்படி நல்லதாக இருந்தது? தூதரை மடக்கிய அந்தக் கேள்வியில், விற்கப்பட்டவரின் குரல் எங்கும் இல்லை.

1874இல் பிரிட்டிஷ் படை குமாசியை எரித்து அரண்மனையைக் கொள்ளையடித்தது. 150 ஆண்டுகள் கழித்து, 2024இல், லண்டனின் இரண்டு அருங்காட்சியகங்கள் 32 பொருள்களைக் குமாசியின் மன்ஹியா அரண்மனைக்குத் தந்தன. அதுவும் 3 ஆண்டு இரவலாக! கொள்ளை போன பொருளை உடையவனுக்கே இரவல் கொடுப்பதா என்று என் மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பிலும் ஒடோன்கோவை மறக்க எனக்கு மனமில்லை.

அசாந்தி மக்களிடம் ஒரு பழைய விதி உண்டு. ஒருவருடைய பிறப்பின் மூலத்தை இன்னொருவர் வெளியே சொல்லக் கூடாது. அடிமையின் பிள்ளைகள் வாங்கிய குடும்பத்துக்குள் கலந்து அசாந்திகளாக வாழ அந்த விதி வழிவிட்டது. அவர்களுடைய பாட்டி எந்த ஊரிலிருந்து நடத்திக்கொண்டுவரப்பட்டாள் என்ற பேச்சையும் அதுவே அடைத்தது. இன்று மன்ஹியாவில் பொன் வேலைப்பாடுகளைப் பெருமையோடு பார்த்து நிற்கும் கூட்டத்தில் அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அருகில் நிற்பவருக்கு அது தெரிந்திருந்தாலும் வாய் திறக்கமாட்டார்.