100 கோடி ரூபாய்க் கடை வளாகத்தை இடிக்க வச்ச பூங்கா! உங்க ஊர் மேய்க்கால் நிலம் வில்லா பிளாட் ஆகாம தடுப்பது எப்படி?

100 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணிக் கட்டின ஒரு கடை வளாகம். அதை இடிச்சுட்டு, அங்க இருந்த பூங்காவைப் பழையபடி கொண்டுவரணும்னு உச்ச நீதிமன்றம் 1999-ல சொல்லியிருக்கு. கொடைக்கானல், ஏற்காடு, நீலகிரிப் பக்கம் "மலை வியூ பிளாட்" விளம்பரத்தைப் பார்த்து, நம்ம ஊர் மாடு கூடுற மந்தைவெளி போச்சேன்னு கையைப் பிசையிற எல்லாருக்கும் இந்த வழக்கு தெரிஞ்சிருக்கணும்.

பின்னணி ரெண்டே வரிதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 134-ன்படி மேய்ச்சல் நிலம், களம், மயானம், மாடு நிக்கிற இடம், வண்டி நிக்கிற இடம், தோப்பு மாதிரியான புறம்போக்குகள் கிராம ஊராட்சி வசம் வரும். ஊராட்சி அதைப் பராமரிக்கலாம், விற்க முடியாது.

[திரையில்: லக்னோ, அமீனாபாத், ஜண்டேவாலா பூங்கா]

இப்போ அந்த வழக்குக்கு வருவோம். சுதந்திரப் போராட்டக் காலத்துல இருந்தே பேர் பெற்ற பூங்கா இது. 1993-ல மாநகராட்சி ஒரு கட்டுமான நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டு, பூங்காவுக்கு அடியில நிலத்தடிக் கடை வளாகம் கட்ட அனுமதிச்சது. டெண்டரே விடல. பூங்கா அழியலையே, கடைகளோட கூரை மேல அப்படியே இருக்கேன்னு ஒரு வாதம் வச்சாங்க. இந்த வாதத்தை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. "மேல புல்வெளி போட்டுத் தர்றோம்", "ஊருக்கு வேற இடம் ஒதுக்குறோம்"னு மலைக் கிராமங்கள்ல வர்ற பேச்சும் இதே வகைதான். நீதிமன்றம் ஏத்துக்கல. மொட்டைமாடிப் பூங்கா வேற, மண்ணுல இருக்கிற பூங்கா வேற. கட்டி முடிச்ச செலவு பெருசுங்கிறது காப்பாத்திக்கிற காரணமும் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. எனக்கு இந்தத் தீர்ப்புல ரொம்பப் பிடிச்சது இந்தக் கடைசி விஷயம்தான். "கட்டிட்டாங்க, இனி என்ன பண்றது"ங்கிற சோர்வுக்கு இதைவிட நல்ல பதில் இல்ல.

2011 ஜனவரி 28-ல ஜக்பால் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதையே எடுத்துக் காட்டி, கிராமப் பொதுநிலத்துக்கும் விரிச்சுது. எத்தனை வருஷம் ஆக்கிரமிச்சிருந்தாலும், எவ்வளவு செலவு பண்ணியிருந்தாலும், எவ்வளவு அரசியல் செல்வாக்கு இருந்தாலும் அதை வரன்முறைப்படுத்தக் காரணமாக்கக் கூடாது. விதிவிலக்கு உண்டு: நிலமில்லாத கூலித் தொழிலாளர், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த குத்தகை, ஏற்கெனவே பள்ளி, மருந்தகம் மாதிரி பொதுப் பயன்பாடு இருக்கிற இடம். அதனால எளிய மக்களோட வீட்டைக் காட்டி மனு போடாதீங்க. அது நியாயமும் இல்ல, வழக்கையும் கெடுக்கும்.

சரி, ஊர்ல என்ன பண்ணணும்? முதல் வேலை புல எண், அதாவது சர்வே நம்பர். "கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மைதானம்"னு எழுதுற மனுவால பிரயோஜனமே இல்ல. தமிழ்நாடு அரசோட நிலப்பதிவு இணையதளத்துல 'அ' பதிவேடும் (ஒவ்வொரு புல எண்ணோட வகைப்பாடும் பரப்பும் இருக்கிற பதிவேடு) புலப்படமும் (நிலத்தோட அளவு வரைபடம்) எடுங்க. வகைப்பாடு என்னன்னு பாருங்க: மேய்க்கால், மந்தைவெளி, களம், தரிசு. உட்பிரிவு எண்களை ஒவ்வொண்ணாப் பாருங்க. ஒரே புலத்துல பாதி புறம்போக்காவும் பாதி பட்டாவாவும் இருந்தா, அங்கதான் முறைகேடு நடந்திருக்கலாம்.

இதுல பெரிய கோட்டை விடுற இடம் ஒண்ணு. 1979-ல தொடங்கின யு.டி.ஆர்.ங்கிற நிலப்பதிவேடுகளைப் புதுப்பிக்கிற பணியில நிறைய வகைப்பாடு மாறியிருக்கு. இணையத்துல தெரியிறது அதுக்கப்புறம் வந்த பதிவு. அதுக்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேட்டு நகலை மாவட்ட ஆவணக் காப்பறையில கேட்டு வாங்குங்க. பழைய பதிவுல மேய்க்கால், புதுசுல தனியார் பட்டான்னு இருந்தா, எந்த உத்தரவுப்படி மாத்தினீங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும்.

அடுத்து, பாதை. மலைச் சரிவுல பட்டா நிலம் வாங்குறவங்களுக்குப் பெரும்பாலும் வழி இருக்காது. மந்தைவெளி நடுவுல ஒரு ஜேசிபி ஓட்டி மண் ரோடு போடுவாங்க. அதை அணுகுசாலையாக் காட்டி மனைப்பிரிவு அனுமதி கேட்பாங்க. நிலத்தை யாரும் எடுக்கல, ரோடுதானேன்னு ஊர் விட்டுடும். அந்த ரோடு இல்லாம மனையே விக்காதுங்கிறதுதான் நிலைமை. தடுக்க வேண்டியது இந்தக் கட்டத்துல. தாசில்தாருக்கு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ன்படி மனு கொடுங்க. பிரிவு 7-ல விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிரிவு 6-ல அகற்றல். மனுவோட நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்க. அனுமதிக் கோப்பு அங்கதான் நகரும். மலைப்பகுதிப் பட்டியல்ல இருக்கிற கிராமம்னா மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஒண்ணு.

மனைப்பிரிவு ஏற்கெனவே வந்துடுச்சா? அதுக்குள்ளயும் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கு. 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, சாலை போக மீதியில 10 சதவீதம் திறந்தவெளி இடமா விட்டே ஆகணும். 3,000-லிருந்து 10,000 வரைக்கும் இடம் தர முடியாத பட்சத்துல பணமாக் கட்டலாம். அந்த இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாப் பதிவாகியிருக்கான்னு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பத்திரம் இருந்தும் பட்டா பழைய பேர்லயே கிடந்தா, அடுத்த தலைமுறை வாரிசு அதை மனையாக்கப் பார்ப்பாங்க. பட்டா மாறுதலைக் கேட்க வேண்டியது ஊராட்சி.

கடைசியா கிராம சபை. அது கூடுற நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொதுநிலத்தோட வகைப்பாட்டை மாத்தணும்னா ஊராட்சியோட 'ஆட்சேபணை இல்லை' தீர்மானத்தைத் தேடி வருவாங்க. அதுக்கு முன்னாடியே புல எண், பரப்பு, வகைப்பாடு மூணையும் எழுதி, இந்த நிலத்தை எந்த மாற்றத்துக்கும் தரக்கூடாதுன்னு தீர்மானம் போடுங்க. வெறும் தீர்மானம் ஜேசிபியை நிறுத்தாது, ஆனா அதிகாரியோட கோப்புல அது இருக்கணும். பதிவேட்டுல எழுதினதை அங்கயே படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெத்துப் பக்கத்துல கையெழுத்து வேணவே வேணாம். உங்க ஊர் நிலத்துல பழைய பதிவும் புதுப் பதிவும் வேற வேறயா இருந்தா, வகைப்பாட்டை மட்டும் கமெண்ட்ல போடுங்க. யாரோட பேரும் வேண்டாம்.