பழைய டிஸ்க்கும் பத்து டாலரும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் பற்றிப் பேச அழைத்தபோது, புதிதாக வந்திருப்பவற்றைப் பற்றிச் சொல்வேன் என்று நிலையத்தார் எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேசப்போவதோ ஒரு பழைய தகராறைப் பற்றி. அதுவும் பத்து டாலர் தகராறு.

ஒருமுறை, இன்னொருவர் ஆடி முடித்து விற்றிருந்த கேம் டிஸ்க் ஒன்றை வாங்கினேன். கீறல் இல்லை, உறைகூடக் கசங்கவில்லை. தனியாக ஆடும் பகுதி ஒழுங்காக ஓடியது. சரி, இணையத்தில் மற்றவர்களோடும் ஆடிப் பார்க்கலாம் என்று உள்ளே போனால், திரை ஒரு கோடு கேட்டது, அதாவது கடவுச்சொல் மாதிரி ஒரு குறியீடு. பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரிசை. தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாரே, விற்றவர் நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டு, ஆடுவதற்குக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். கன்ட்ரோலரில் எழுத்து அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். கடைசி எழுத்தையும் அடித்து முடித்ததும் பதில் வந்தது: இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது. அதற்குக் கீழேயே இன்னொரு பட்டன். பத்து டாலர் கட்டினால் புதுக் கோடு.

இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் ஆன்லைன் பாஸ். புதிதாக வாங்கினால் பெட்டிக்குள்ளேயே கோடு இருக்கும். ஒரு தடவைதான் செல்லும். அந்த டிஸ்க்கை அடுத்து வாங்குபவர் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இதைப் பெரிய அளவில் தொடங்கியது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம், சுருக்கமாக ஈஏ. நிறுவனத்துக்குள்ளேயே இதை 'பத்து டாலர் திட்டம்' என்றுதான் அழைத்தார்கள் என்பது அப்போதே வெளியில் தெரிந்திருந்தது. முதலில் மென்மையாகத்தான் ஆரம்பித்தார்கள். 2009 இறுதியில் வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் கேமிலும், 2010 ஜனவரியில் வந்த மாஸ் எஃபெக்ட் 2இலும், புதிதாக வாங்கியவருக்குச் சில கூடுதல் பகுதிகள் இலவசம். பழைய டிஸ்க் வாங்கியவருக்கு அதே பகுதிகள் 15 டாலர். இது ஒரு சலுகை மாதிரி தெரிந்ததால் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. 2010 மே மாதம் கோல்ஃப், கால்பந்து போன்ற விளையாட்டுகளின் கேம்களுக்கு ஆன்லைன் பாஸ் அறிவிக்கப்பட்டது. டைகர் உட்ஸ் பெயரில் வந்த கோல்ஃப் கேம்தான் முதலாவது. சலுகையின் வேஷம் அங்கே கலைந்தது. அதுவரை டிஸ்க்கோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த ஆன்லைன் ஆட்டத்தைத் தனியாகப் பிரித்து அதற்குப் பூட்டுப் போட்டார்கள்.

ஒருவர் வழி காட்டினால் போதாதா? டிஎச்க்யூ என்ற கேம் நிறுவனம் 5 டாலர் கேட்டது. சோனி தன் கைக்கடக்கமான பிஎஸ்பி கருவிக்கான கேம் ஒன்றுக்கு 20 டாலர் கேட்டது. பிறகு 2011இல் ரெசிஸ்டன்ஸ் 3 தொடங்கித் தன் கேம்களுக்கு பிஎஸ்என் பாஸ் என்று இதே முறையைக் கொண்டுவந்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டில் தன் பாஸுக்கு யூப்ளே பாஸ்போர்ட் என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு வந்த பேட்மேன் ஆர்க்கம் சிட்டியில் ஆன்லைன் ஆட்டமே கிடையாது. அங்கே கேட்வுமன் என்ற பாத்திரம் வரும் பகுதிகளைக் கோடுக்குப் பின்னால் வைத்தார்கள். ஆன்லைன் ஆட்டத்தை நடத்தும் கணினிகளான சர்வர்களின் செலவுக்காகத்தான் வசூலிக்கிறோம் என்ற நிறுவனங்களின் வாதம் அந்த இடத்தில் செல்லாமல் போனது. தனியாக ஆடும் கேமில் எந்த சர்வர்?

நிறுவனங்களின் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பழைய கேம் வியாபாரத்தின் பெரிய கடை கேம்ஸ்டாப். அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பழைய கேம் விற்பனையில் மட்டும் ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் வரவு. புது கேம் 100 டாலருக்கு விற்றால் கடைக்கு நிற்பது சுமார் 20 டாலர். பழையதில் 45க்கும் மேல். உங்களிடமிருந்து டிஸ்க்கை மலிவாக எடுத்து, 60 டாலர் புது கேமுக்குப் பக்கத்திலேயே 55 டாலருக்கு அடுக்கி வைப்பார்கள். அந்த 55இல் கேமை உருவாக்கியவருக்கு ஒரு காசும் போகாது. மூன்று வருடம் உழைத்தவருக்கு இதைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்குமா? எரியும்தான். ஆனால் எரிச்சல் கடைக்காரர் மேல், வசூலோ டிஸ்க் வாங்குகிறவரிடம். 2010இல் டிஎச்க்யூ அதிகாரி ஒருவர் பேட்டியில், பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் வருத்தப்பட்டால் நாங்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, அந்த விற்பனையில் ஏமாறுவது நாங்கள்தான் என்ற பொருளில் பேசினார். இணையத்தில் பெரிய வாய்ச்சண்டையே நடந்தது.

பழைய பொருள் விற்பனையில் முதலில் செய்தவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி கேம்களோடு பிறந்தது அல்ல. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள், ஒரு டாலருக்குக் குறைத்து விற்க யாருக்கும் அனுமதியில்லை என்று அச்சடித்திருந்தது. மேசிஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. ஒரு பிரதியை விற்று முடித்த பிறகு, அதன் அடுத்த விற்பனையில் பதிப்பாளருக்குப் பிடி இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஜப்பானில் கேம் நிறுவனங்களே பழைய கேம் கடைகள் மேல் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2002இல் தோற்றன.

ஆகவே பழைய டிஸ்க் விற்பனையைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லை. ஆன்லைன் பாஸின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. டிஸ்க்கைத் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே வரவில்லை. ஆனால் எங்கள் சர்வருக்குள் வருவது ஒரு சேவை, அது டிஸ்க்கோடு கைமாறாது. வீட்டை விற்கலாம், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உரிமை மட்டும் உங்களோடு முடிந்துவிடும் என்று சொல்வது மாதிரி.

சர்வர் நடத்துவதற்குச் செலவு ஆகும், பழைய டிஸ்க் வாங்கியவர் அதற்கு ஒன்றும் தரவில்லை என்றார்கள். கேட்கச் சரிதான் போலிருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் டிஸ்க்கை விற்றுவிட்டால் என்னால் ஆட முடியாது. நான் எழுந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருகிறார். ஒரு டிஸ்க்குக்கு எப்போதும் ஒரு ஆள்தான். அந்த நாற்காலிக்கு நான் ஏற்கெனவே 60 டாலர் கொடுத்திருக்கிறேன். இதற்கு அவர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு: நீங்கள் இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் எழுந்திருப்பீர்கள், நாற்காலி காலியாகக் கிடக்கும் என்றுதான் விலை வைத்தோம், இப்போது அது இரண்டு வருடம் நிரம்பியே இருக்கிறதே என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், சீக்கிரம் அலுத்துவிடும் என்று நம்பி விலை வைத்தேன் என்பதை எந்த வியாபாரியும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

இந்தப் பத்து டாலர் உண்மையில் யார் பையிலிருந்து போனது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான கேள்வி. விவரம் தெரிந்தவர் 40 டாலருக்கு ஒரு பழைய டிஸ்க் வாங்கத் தயாராக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பாஸ் வந்ததும் அவர் மனக்கணக்குப் போடுவார்: கோடுக்குப் பத்து போகும், அப்படியானால் டிஸ்க்குக்கு 30தான். கடைக்காரரும் அதைக் குறைத்துத்தான் உங்களிடமிருந்து எடுப்பார். முடிவில் அடி விழுவது புது டிஸ்க்கை முழு விலை கொடுத்து வாங்கியவர் மேல். அவர் கையில் இருக்கும் பொருளின் மறுவிலையில் பத்து டாலர் கழிந்துவிட்டது. அந்த மறுவிலையை நம்பித்தான் பலர் அடுத்த புது கேமை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பழையதைக் கொடுத்துக் கிடைக்கும் கழிவில் பெரும்பகுதி புது கேம்களுக்கே திரும்புகிறது என்று கேம்ஸ்டாப் ஓயாமல் சொல்லிவந்ததும் இதைத்தான்.

விவரம் தெரியாதவர் கதை வேறு. அவர் 55 டாலருக்குப் பழையதை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் இன்னும் பத்து கட்டுவார். ஆக 65. புதியதே 60தான்! இப்படித்தான் 2010இல் கலிபோர்னியாவில் கேம்ஸ்டாப் மேல் வழக்கு வந்தது. உறையில் இலவசம் என்று போட்டிருந்த பகுதிகள் பழைய டிஸ்க்கில் கிடைக்காது என்று கடை சொல்லவில்லை என்பது புகார். 2012இல் சமரசமாகி, கூடுதல் பணம் கட்ட நேரலாம் என்ற அறிவிப்பைக் கடைகளில் வைக்க ஒத்துக்கொண்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கருவியில் ஆடியவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஆன்லைனில் ஆடவே எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு என்ற சந்தாவுக்கு ஆண்டுக்கு 60 டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் இந்தப் பத்து.

2013 மே மாதம் ஈஏ ஆன்லைன் பாஸைக் கைவிட்டது. ஆடுபவர்களுக்கு இந்த முறை பிடிக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். சில நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற புதுக் கருவியை அறிமுகப்படுத்தியது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்குக்குக் கட்டுப்பாடு என்று விவரங்கள் வர வர எதிர்ப்பு கிளம்பியது. ஜூனில், தன் புதுக் கருவியான பிளேஸ்டேஷன் 4 பற்றிய நிகழ்ச்சியை ஒட்டி, சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது: பிளேஸ்டேஷன் 4 கேமை நண்பருக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் நீட்டுகிறார், இன்னொருவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான், முடிந்தது. உலகமே கைதட்டியது. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

கைதட்டலின் சத்தத்தில் பலர் காதில் விழாத ஒரு விஷயம் இருக்கிறது. அதே ஜூன் நிகழ்ச்சியில், அதுவரை பிளேஸ்டேஷனில் இலவசமாக இருந்த ஆன்லைன் ஆட்டத்துக்கு, பிளேஸ்டேஷன் 4இல் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும் என்று சோனி அறிவித்தது. அப்போது ஆண்டுக்கு 50 டாலர். பழைய டிஸ்க் வாங்கியவரிடம் மட்டும் கேட்டால் சண்டை வந்தது. எல்லாரிடமும் ஒரேயடியாகக் கேட்டதும் அடங்கிவிட்டது.

யூபிசாஃப்டும் அந்த நவம்பரில் பாஸ்போர்ட்டை நிறுத்தியது. எல்லாரும் மனம் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். நான் நினைக்கும் காரணம் வேறு. அதற்குள் கடையே கேமுக்குள் வந்துவிட்டது. ஈஏவின் ஃபிஃபா கால்பந்து கேமில் 2009 முதலே அணியில் சேர்க்கும் வீரர்களின் அட்டைப் பொட்டலங்களைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. பழைய டிஸ்க்கோடு உள்ளே வருகிறவரும் அட்டை வாங்கக்கூடியவர்தானே? அவரை வாசலில் நிறுத்திப் பத்து டாலர் கேட்பதைவிட, வாங்க வாங்க என்று உள்ளே விடுவதில் லாபம் அதிகம்.

அப்புறம் டிஸ்க்கே குறைந்துபோனது. டவுன்லோட் செய்த கேம் உங்கள் அக்கவுண்டோடு கட்டப்பட்டது. விற்கவும் முடியாது, டிஸ்க்கைப் போல யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்கவும் முடியாது. 2020இல் பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் போடும் இடமே இல்லாத வகையிலும் வந்தது. டிஸ்க் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் மூடியது. தனியாக ஓட்டுவதற்கும் அந்த சர்வர் தேவை என்பதால் கேம் மொத்தமும் நின்றுபோனது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். நான் அந்தப் பத்து டாலரைக் கட்டவில்லை. தனி ஆட்டத்தை மட்டும் முடித்துவிட்டு டிஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன், அவராவது கன்ட்ரோலரில் அத்தனை எழுத்தையும் அடித்துச் சிரமப்பட வேண்டாம் என்று.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.