மூன்றடி மீன் தொட்டிக்கு மரத்தில் ஒரு விளக்கு மூடி

[திரையில்: மேசை மீது 36 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரமுள்ள கண்ணாடித் தொட்டி]

மீன் தொட்டிக்கு விளக்கு மூடியை மரத்தில் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட் விளக்கு வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். விளக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரவும் பகலும் கீழிருந்து எழும் நீராவியில் ஊறி உப்பிப்போன பலகையைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. ஆகவே எந்தப் பலகை, எந்த மூட்டு, எந்தப் பூச்சு என்பதை ஈரத்தை மனத்தில் வைத்தே இங்கே முடிவு செய்யப்போகிறோம்.

முதலில் பலகை. தேக்கு நல்ல மரம்தான் என்றாலும், பதினைந்து அங்குல அகலத்துக்கு ஒரே பலகையாகப் போட்டால், அடிப்பக்கம் ஈரத்தில் விரிந்து மேல்பக்கம் அறைக் காற்றில் உலர்ந்தே இருப்பதால், சில மாதங்களில் அது வளைந்துவிடும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த வளைவு வெகுவாகக் குறைகிறது. 12 மி.மீ. கனமுள்ள, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட் போதும், பலகையில் அதற்கான இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் விலை குறைவு என்பதற்காக இந்த வேலைக்கு ஏற்றவை ஆகிவிடா.

[திரையில்: பலகை வெட்டும் வரைபடம்]

தொட்டியின் வெளி அளவு 914 மி.மீ.க்கு 381 மி.மீ. மூடி அதன்மேல் தொப்பிபோல் இறங்கி உட்கார வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்திலும் 3 மி.மீ. இடைவெளி தேவை. எனவே முன்பலகையும் பின்பலகையும் 944 மி.மீ. நீளம், அவற்றுக்கு நடுவே நிற்கும் பக்கப்பலகைகள் 387 மி.மீ. நீளம், நான்குக்கும் உயரம் 200 மி.மீ. மேலே பின்பக்கம் 109 மி.மீ. அகலத்தில் நிலையாக ஒரு பட்டை, முன்பக்கம் 300 மி.மீ. அகலத்தில் திறந்து மூடும் கதவு, இரண்டுக்கும் இடையில் 2 மி.மீ. விலகல். இவை அனைத்தும் நான்கடிக்கு நான்கடி துண்டு ஒன்றிலேயே அடங்கிவிடும். பலகை விற்கும் கடையிலேயே வெட்டித் தரச் சொன்னால் விளிம்புகள் நேராக வரும்.

நீர்மட்டத்தின் கோடு வெளியில் தெரியாமலிருக்க, மூடி தொட்டியின் விளிம்புக்குக் கீழே 40 மி.மீ. இறங்க வேண்டும். அதற்காக உட்புறம் சுற்றிலும் அந்த உயரத்தில் 12 மி.மீ. சதுரத் தேக்கு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, பதியுங்கள். மூடியின் எடை முழுவதும் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிகளின் மேலேயே அமர வேண்டும். மேலே குறுக்காக ஒட்டியிருக்கும் தாங்குபட்டைகளின் மேல் அழுத்தம் விழக் கூடாது. மூட்டுகளை நீர் புகாத பசையால் ஒட்டி, துருப்பிடிக்காத 304 ரக எஃகுத் திருகுகளால் இறுக்குங்கள். கீல்களும் அதே எஃகில் இருப்பது நல்லது. பித்தளைக் கீலில் படியும் நீர்த்துளி செம்பைக் கரைத்துக்கொண்டு தொட்டிக்குள் சொட்டக்கூடும். இறால் வளர்ப்பவர்களுக்குச் செம்பு எத்தகைய நஞ்சு என்பது தெரியும்.

[திரையில்: பலகையின் வெட்டு விளிம்பு, மிக அருகில்]

இனி, அவசரம் கூடாத இடத்துக்கு வருகிறோம். பிளைவுட் ஈரத்தைக் குடிப்பது பெரும்பாலும் வெட்டு விளிம்புகளின் வழியாகத்தான். உப்புத்தாளால் தேய்த்தபின் விளிம்புகளுக்கு மட்டும் முதலில் இரண்டு கைப் பூச்சு கொடுத்து, அவை காய்ந்த பிறகே முழுப்பரப்புக்கும் செல்லுங்கள். திருகுக்காகத் துளைத்த ஓட்டைகளின் உள்ளேயும் பூச்சு இறங்க வேண்டும். வெளிப்புறத்துக்கு பாலியூரித்தேன் வார்னிஷ், உட்புறத்துக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளை எப்பாக்சி என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே பளபளப்பாக்கிவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டுவிடுவது, பூச்சே இல்லாததைவிடச் சற்றுதான் மேல். கரையான் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் கலக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சுகள் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும். பூச்சின் வாடை முற்றிலும் போகும் வரை, அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனாலும், மூடி காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

விளக்குக்கு, சிலிக்கான் உறையிட்ட, தூசும் தெறிக்கும் நீரும் புகாத ஐ.பி. 65 தரமுள்ள 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையைப் பரிந்துரைக்கிறேன். வீட்டுச் சுவரில் மாட்டும் குழல்விளக்கு மலிவானது என்றாலும், நீராவிக்கு மத்தியில் 230 வோல்ட்டை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மீட்டருக்கு 10 வாட், பகல் வெளிச்சம்போல் வெண்மையான 6500 கெல்வின் நிறமுள்ள பட்டையை 850 மி.மீ. நீளத்தில் மூன்று வரிசைகளாக அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, கதவின் அடியில் திருகுங்கள். மொத்தம் ஏறத்தாழ 25 வாட். 3 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போதும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற செடிகளுக்கு இந்த வெளிச்சம் நிறைவானது. வரிசைகளைத் தொட்டியின் முன்பக்கமாக நெருக்கி வையுங்கள். ஒளி பின்னாலிருந்து வந்தால் மீனின் நம்மை நோக்கிய பக்கம் நிழலாகி, அதன் நிறமே தெரியாது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டால் பாசிதான் செழிக்கும், ஆகவே ஒரு டைமரைப் பொருத்திவிடுங்கள்.

[திரையில்: பின்பலகையின் துளைகளும் வெளியே வரும் கம்பியும்]

பின்பலகையின் மேற்பகுதியில் ஒரு வரிசைத் துளைகளும், ஃபில்டர் குழாய்க்கு ஒரு வெட்டும் வேண்டும். அடைபட்ட மூடிக்குள் வெப்பம் தேங்கினால் நீரும் சூடாகும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நன்னீரில் 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான் கரையும். கோடையில் கணினியின் 12 வோல்ட் விசிறி ஒன்றை அங்கே பொருத்தினால் ஆவியாதல் கூடி நீர் ஓரளவு குளிரும், அதற்கு ஏற்பக் குறையும் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அடாப்டர் எப்போதும் தொட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். கம்பி பிளக்குக்குச் செல்லும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், அதன்மேல் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மின்செருகியை எட்டாது. அந்த இணைப்புக்கு மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இருப்பதை மின்பணியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

விளக்குக்குக் கீழே 4 மி.மீ. கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் மேல் வைத்தால் மரத்துக்கு வரும் ஆவி பாதியாவது குறையும், மீனும் துள்ளி வெளியே விழாது. விசிறி வைக்கும் மாதங்களில் மட்டும் அதை எடுத்துவிட வேண்டும். போர்வெல் தண்ணீர் என்றால் இந்தக் கண்ணாடியில் வெள்ளைப் படிவு படிந்து ஒளியை மறைக்கும். கண்ணாடியை வெளியே எடுத்து எலுமிச்சைச் சாற்றால் துடைத்து, நன்கு கழுவி வைத்தால் போகும்.

மூடியைப் பொருத்தியபின் முதல் வாரத்தில் காலை வேளையில் கதவைத் திறந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கையில் முத்துமுத்தாக நீர் ஒட்டினால் துளைகள் போதவில்லை என்று பொருள். பின்பலகையில் இன்னொரு வரிசை துளைத்து, துளைகளின் உள்விளிம்புக்கும் பூச்சு கொடுத்து, வாடை போனபின் திரும்ப மாட்டுங்கள்.